எஞ்சின் அதிர்வும் பழுது நீக்கும் முறையும்

எஞ்சினால் ஓடும் வண்டி எதுவாயினும் அதில் அதிர்வு இருந்தே தீரும். சிலிண்டருக்குள் எரிபொருள் விட்டுவிட்டு எரிகிறது. பிஸ்டன் மேலே சென்று நின்று, கீழே வந்து நின்று, மீண்டும் மேலே செல்கிறது. இவ்வாறு இயங்கும் பொறி அதிராமலிருத்தல் இயலாது. ஆகவே அதிர்வு இருப்பது ஒரு குறையன்று. நேற்றுவரை இல்லாத அதிர்வு இன்று தோன்றுவதும், ஒரே வகைப்பட்ட இரு வண்டிகளுள் ஒன்று மட்டும் நடுங்குவதுமே குறைகளாகும். இவ்வேறுபாட்டை உணர்ந்து, அதிர்வு எங்கே பிறக்கிறது என்று முதலில் ஆராய்ந்து, அதன் பின்னரே பாகங்களை மாற்ற வேண்டும். நடைமுறையிலோ இவ்வரிசை பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது.

வண்டி நடுங்குகிறது என்று ஓட்டுநர் கூறுகிறார். பட்டறையில் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்குகள் மாற்றப்படுகின்றன. சில நாட்களில் நடுக்கம் திரும்புகிறது. அடுத்த முறை பிளக்குகள் யாவும் மாற்றப்படுகின்றன. அதற்கடுத்த முறை காயில்கள். மூன்றாம் முறையில் நடுக்கம் நின்றாலும், எதனால் நின்றது என்பது எவருக்கும் தெரிவதில்லை. வேளாண் விரிவாக்கம், தடுப்பூசிப் பணி, நில அளவை முதலியவற்றுக்கு நாடெங்கும் கிராமங்களை நாடிச் செல்லும் களப்பணியாளருக்கு இது பணச் செலவு மட்டுமன்று. வண்டி பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு கிராமம் விடுபட்டுப்போகும் நாள்.

அதிர்வு பிறக்கும் வகை

கார் எஞ்சின்களில் இயல்பாகவே அமைந்த அதிர்வு இருவகைப்படும். ஒன்று, எரிபொருள் எரியும்போது எழும் துடிப்பு. மற்றொன்று, பிஸ்டன் முதலிய உறுப்புகளின் எடை ஏறி இறங்குவதால் எழும் சமனின்மை.

நான்கு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் அமைந்த எஞ்சினில் இரு பிஸ்டன்கள் ஏறுகையில் இரண்டு இறங்குகின்றன. ஆயினும் அவற்றின் வேகங்கள் முற்றிலும் ஒத்திருப்பதில்லை. ஆதலின் கிராங்க் தண்டு ஒருமுறை சுழலும்போது இருமுறை மேலும் கீழுமாக ஓர் உந்துதல் எஞ்சியிருக்கிறது. பிரிட்டிஷ் பொறியியலறிஞர் பிரடெரிக் லான்செஸ்டர் இதற்கு ஒரு பரிகாரம் கண்டார். கிராங்க் தண்டின் இரு மடங்கு வேகத்தில் எதிரெதிராகச் சுழலும் இரு எடைத் தண்டுகளே அது. மூன்று சிலிண்டர் எஞ்சினில் இவ்வுந்துதல் இல்லை. ஆனால் எஞ்சினின் முன்முனையும் பின்முனையும் ஏற்றமரம்போல் மாறிமாறி உயரும் ஆட்டம் உண்டு. 1983-ஆம் ஆண்டில் வெளிவந்த மாருதி 800 காரின் எஞ்சின் மூன்று சிலிண்டர் கொண்டதே. நான்கு சிலிண்டர் அம்பாசடரில் பழகியவர்கள் அதன் துடிப்பு வேறுவகையாக இருக்கக் கண்டால், அது பழுதன்று, எஞ்சினின் அமைப்பேயாகும்.

இவ்வதிர்வு வண்டியின் உடலுக்குச் செல்லாமல் தடுப்பவை ரப்பர் மவுண்டிங்குகள். 1931-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் தன் பிளிமத் கார்களில் எஞ்சினை ரப்பர்த் தாங்கிகளின்மீது மிதப்பதுபோல் அமைத்துப் புகழ்பெற்றது. எஞ்சின் ஆடுவதற்கு இடங்கொடுத்தால்தான் வண்டி ஆடாமலிருக்கும் என்பதே அதன் தத்துவம்.

கணக்கு காட்டும் உண்மை

நிமிடத்துக்கு 750 சுழற்சியில் எஞ்சின் ஐட்லிங்கில் ஓடுவதாகக் கொள்வோம். வினாடிக்கு அது 12.5 சுழற்சி. நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுழற்சிக்கு இரு சிலிண்டர்கள் எரிகின்றன. எனவே வினாடிக்கு 25 துடிப்புகள். மூன்று சிலிண்டராயின் சுமார் 19. ஒரு சிலிண்டர் மட்டும் எரியாமல் தவறுவதாகக் கொண்டால், அத்தவறு இரு சுழற்சிக்கு ஒருமுறை, அதாவது வினாடிக்கு 6.25 முறை நிகழும். பட்டறை வழக்கில் 'மிஸ்ஸிங்' எனப்படுவது இதுவே. அமர்ந்திருக்கும் மனித உடல் மேல்கீழ் அதிர்வை மிகுதியாக உணர்வது வினாடிக்கு 4 முதல் 8 வரையிலான எல்லையில். சிறிய மிஸ்ஸிங்கும் பயணிகளைப் பெரிதும் வருத்துவதற்குக் காரணம் இதிலிருந்து விளங்கும்.

இனி மவுண்டிங்கைக் காண்போம். ரப்பரின்மீது அமர்ந்த எஞ்சினுக்குத் தனக்கே உரிய இயல்பான அதிர்வெண் ஒன்று உண்டு. அது வினாடிக்கு 10 என்று எடுத்துக்கொள்வோம். இயல்பு அதிர்வெண்ணைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேற்பட்ட துடிப்புகளையே ரப்பர் குறைக்க வல்லது. அதற்குக் கீழ்ப்பட்டவற்றை அது குறைப்பதில்லை, பெருக்கவும் செய்யும். ரப்பரின் உட்தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், வினாடிக்கு 25 வீதம் வரும் துடிப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே வண்டிக்குச் செல்கிறது. ஆனால் வினாடிக்கு 6.25 வீதம் வரும் மிஸ்ஸிங்கின் உதறலோ ஒன்றரை மடங்குக்கும் மேலாகப் பெருகிச் செல்கிறது. புதிய மவுண்டிங் மிஸ்ஸிங்கைக் குணப்படுத்தாது என்பதை ஆறாம் விலையுயர்ந்த பாகத்தை வாங்கும் முன்னரே இச்சிறு கணக்கு சொல்லிவிடுகிறது.

அதே கணக்கு மற்றோர் எச்சரிக்கையையும் தருகிறது. ரப்பர் முதுமையால் இறுகியோ, மலிவான மாற்றுப் பாகமாக அமைந்தோ இரு மடங்கு விறைப்பாயிருப்பின், முன்பு ஐந்தில் ஒரு பங்காகச் சென்ற துடிப்பு ஏறத்தாழப் பாதியாகச் செல்லும். கெட்டியான ரப்பர் நல்ல ரப்பர் என்று கடைகளில் கூறப்படுவது இவ்விஷயத்தில் பொருந்தாது.

பள்ளியாசிரியர் இதனைக் காசின்றி விளக்கலாம். ரப்பர் வளையங்கள் சிலவற்றைக் கோத்து, அவற்றின் முனையில் கனமான நட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட வேண்டும். கையை மெதுவாக மேலும் கீழும் அசைத்தால் நட்டு கையோடு சேர்ந்தே அசையும். வேகத்தைச் சிறிது கூட்டினால் ஒரு நிலையில் அது துள்ளிக் குதிக்கும். கையை மிக விரைவாக அசைத்தால் நட்டு ஏறக்குறைய அசையாமல் நிற்கும். அதிர்வைத் தடுத்தல், ஒத்ததிர்வு ஆகிய இரண்டும் ஒரே சோதனையில் மாணவர் கண்ணுக்குப் புலனாகின்றன.

எஞ்சினா, சக்கரமா?

கருவி ஏதுமின்றி ஓட்டுநரும் உடன்செல்பவரும் விடை காணக்கூடிய வினாக்கள் நான்கு உள்ளன.

முதல் வினா: வண்டி நிற்கும்போது நடுக்கம் உண்டா? கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சின் வேகத்தைச் சிறிது சிறிதாக உயர்த்திப் பார்க்க வேண்டும். நிற்கும் வண்டியிலேயே நடுக்கம் தோன்றுமாயின் சக்கரங்களும் டயர்களும் அதற்குப் பொறுப்பல்ல.

இரண்டாம் வினா: ஓடும்போது நடுக்கம் எதனைப் பின்பற்றுகிறது? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், சுற்றளவு 1.8 மீட்டர் உள்ள சக்கரம் வினாடிக்கு 9 முறைக்குச் சற்று மேலாகச் சுழலும். வேகத்தை மாற்றாமல் ஒரு கியர் குறைத்தால் சக்கரத்தின் சுழற்சி மாறாது. எஞ்சினின் சுழற்சி மட்டும் உயரும். நடுக்கமும் கியரோடு மாறினால் அது எஞ்சினைச் சேர்ந்தது. மாறாது நின்றால் சக்கரம், டயர் அல்லது புரொப்பெல்லர் தண்டைச் சேர்ந்தது. இச்சோதனையைப் போக்குவரத்தற்ற நேர்சாலையிலேயே செய்ய வேண்டும். குறிப்பெடுப்பவர் ஓட்டுநராக இருத்தலாகாது. ஓடும் வண்டியில் எஞ்சினை நிறுத்திப் பார்ப்பது பேராபத்து. பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் கிடைக்கும் துணைவிசை அற்றுப்போவதுடன், சாவியைத் திருப்பினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

மூன்றாம் வினா: சுமையேற்றும்போது மட்டும் தோன்றுகிறதா? மேட்டில் ஏறும்போதோ ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதோ மட்டும் தோன்றும் உதறலுக்கு, பற்றவைப்புக் குறை, கிழிந்த மவுண்டிங், முன்சக்கர இயக்க வண்டிகளில் டிரைவ் தண்டின் உள்மூட்டுத் தேய்வு ஆகியவை காரணமாகலாம்.

நான்காம் வினா: எப்போது தொடங்கியது? இவ்வினா மிக எளியது. எனினும் கேட்கப்படாமலே விடப்படுவது. கிளட்ச் மாற்றிய மறுநாள் தொடங்கிய நடுக்கத்துக்குப் பிளக்கில் விடை தேடுவது வீண். சைலன்சர் குழாய் பழுதுபார்த்தபின் தோன்றிய ரீங்காரம், அக்குழாய் வண்டியின் அடிப்பகுதியில் எங்கோ உரசுவதால் எழுவதாக இருக்கலாம்.

எஞ்சினுக்குள் தேடுதல்

குறை எஞ்சினிடத்தே என்று தெளிந்தபின் மற்றொரு பிரிவு செய்ய வேண்டும். எஞ்சினே தடுமாறி ஓடுகிறதா, அன்றி அது சீராக ஓட, வண்டி மட்டும் நடுங்குகிறதா? திறந்தவெளியில் சைலன்சர் குழாயின் வாயருகே காகிதத் துண்டு ஒன்றைப் பிடித்தால் சீரான எஞ்சினின் காற்று ஒரே தாளமாக அதனைத் தள்ளும். மிஸ்ஸிங் இருப்பின் தாளம் இடையிடையே தவறும்.

தாளம் சீராயிருந்து வண்டி மட்டும் நடுங்கினால் மவுண்டிங்குகளையும், எஞ்சினோ குழாயோ உடலில் நேரே தொடும் இடங்களையும் பார்க்க வேண்டும். ரப்பரில் வெடிப்பு, அமுங்கல், உலோகத்தினின்று பிரிதல், நீர்மம் நிரப்பிய மவுண்டிங்காயின் கசிவு ஆகியவை அடையாளங்கள். சில சமயம் மவுண்டிங் நல்லதாகவே இருக்கும். பொருத்தியபோது முறுகலோடு இறுக்கப்பட்டிருக்கும். போல்ட்டுகளைத் தளர்த்தி, எஞ்சினைத் தன் இயல்பான இடத்தில் அமரவிட்டு, மீண்டும் குறித்த அளவுக்கு இறுக்கினால் அதிர்வு தணிவதுண்டு. இதற்குப் பாகச் செலவு ஏதுமில்லை.

தாளம் தவறினால் எந்தச் சிலிண்டர் என்று காண வேண்டும். பழைய கார்களில் பிளக் வயரை ஒவ்வொன்றாக உருவிப் பார்ப்பது வழக்கம். இக்காலக் கார்களில் அது கூடாது. உயர் மின்னழுத்தம் ஆளையும் தாக்கும், மின்னணுப் பாகங்களையும் கெடுக்கும். எரியாத பெட்ரோல் புகைபோக்கியிலுள்ள வினையூக்கிக் கலத்துக்குச் சென்று அதனை உருக்கவும் கூடும். இன்ஜெக்டரின் மின்னிணைப்பை ஒவ்வொன்றாகச் சிறிது நேரம் நிறுத்துவதே தக்க முறை. நல்ல சிலிண்டரை நிறுத்தினால் எஞ்சின் மேலும் தடுமாறும். நிறுத்தியும் மாறுதல் தோன்றாத சிலிண்டரே நோயுற்றது.

அதன் பின்னரும் பாகம் வாங்க வேண்டுவதில்லை. அச்சிலிண்டரின் காயிலையும் வேறொன்றின் காயிலையும் இடம் மாற்றிப் பொருத்தினால், மிஸ்ஸிங் காயிலோடு இடம் பெயர்கிறதா என்பது தெரிந்துவிடும். பெயர்ந்தால் காயில் குற்றமுடையது. பெயராவிடில் பிளக்கை இடம் மாற்ற வேண்டும். அதுவும் இல்லையெனில் கம்ப்ரெஷன் அளவு பார்க்க வேண்டும். ஒரு சிலிண்டரின் அழுத்தம் மற்றவற்றைவிட மிகக் குறைந்திருந்தால், ஒரு தேக்கரண்டி எண்ணெயை அதில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அழுத்தம் உயர்ந்தால் தேய்ந்தவை பிஸ்டன் ரிங்குகள். உயராவிடில் வால்வுகளை ஐயுறலாம். எல்லாச் சிலிண்டர்களும் ஒருங்கே தடுமாறினால், காற்றுக் குழாயில் வெடிப்பு ஏற்பட்டு வெளிக்காற்று உட்புகுகிறதா என்றும், திராட்டில் வாயிலில் கரி படிந்துள்ளதா என்றும் பார்த்தல் தகும். வெடிப்பைக் கண்டறியச் சூடான எஞ்சின்மீது பெட்ரோலைத் தெளிக்கும் வழக்கம் தீவிபத்துக்கு வழி. நீண்ட ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதருகே வைத்துச் சீறலைத் தேடுவதே போதும்.

களப்பணி வண்டிகளில் டீசல் எஞ்சின்கள் மிகுதி. அவற்றில் பிளக் பற்றவைப்பு இல்லை. இன்ஜெக்டரும் கம்ப்ரெஷனுமே முதலில் ஆராயத்தக்கவை. பழைய டீசல்களில் இன்ஜெக்டர்க் குழாயின் நட்டைத் தளர்த்திச் சிலிண்டரைச் சோதித்தனர். காமன் ரெயில் வகை எஞ்சின்களில் அது கூடவே கூடாது. அவற்றின் குழாய்களில் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேற்படுவதுண்டு. அங்கிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உட்செல்ல வல்லது.

மறுப்புகள் இரண்டு

இவ்வாராய்ச்சியெல்லாம் இனி எதற்கு, கணிப்பொறியே சொல்லிவிடுமே என்பது ஒரு மறுப்பு. அண்மைக் காலக் கார்களில் எஞ்சின் கட்டுப்பாட்டுக் கருவி கிராங்க் தண்டின் வேகத்தில் ஏற்படும் நுண்ணிய தளர்ச்சியை அளந்து, மிஸ்ஸிங்கைக் கண்டுபிடித்துக் குறியீடாகக் காட்டுவது உண்மையே. பி 0300 என்பது பல சிலிண்டர்களில் மாறிமாறி நிகழும் தவறு. பி 0301 என்பது முதல் சிலிண்டரின் தவறு. ஆயின் அக்குறியீடு எங்கே என்று சொல்லுமேயன்றி, ஏன் என்று சொல்லாது. அதே பி 0301 பிளக்கினாலும் வரும், காயிலாலும் வரும், இன்ஜெக்டராலும் வரும், தேய்ந்த வால்வாலும் வரும். முதல் சிலிண்டர் என்று படித்தவுடன் காயிலை வாங்குவது, காய்ச்சல் என்று கேட்டவுடன் மருந்து எழுதுவதை ஒக்கும். மேலும், எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் அது வினையூக்கிக் கலத்தைக் கெடுக்கும் அளவு கடுமையான மிஸ்ஸிங்கின் அறிகுறி. அந்நிலையில் ஊர்போய்ச் சேரட்டும் என்று வண்டியை விரட்டுவது பிளக்கின் செலவைக் கலத்தின் செலவாக மாற்றிக்கொள்வதாகும்.

களப்பணியாளர் மெக்கானிக் அல்லவே என்பது மற்றொரு மறுப்பு. அவர் மெக்கானிக் ஆக வேண்டுவதில்லை. நோயாளி மருத்துவராக வேண்டுவதில்லை; ஆனால் எங்கே வலி, எப்போது வலி என்பதை அவரையன்றிப் பிறர் சொல்ல இயலாது. 'வண்டி சரியில்லை' என்ற குறிப்போடு அனுப்பப்படும் வண்டிக்குப் பட்டறையில் ஊகமே மருந்தாகிறது. உதறல், நடுக்கம், ரீங்காரம் ஆகிய சொற்கள் தமிழில் வெறும் அலங்காரத்துக்கு உள்ளவை அல்ல. எண்ணிவிடக்கூடிய மெதுவான ஆட்டம் உதறல். எண்ண முடியாது கையால் உணரத்தக்கது நடுக்கம். காதால் கேட்கத்தக்கது ரீங்காரம். இம்மூன்றையும் வேறுபடுத்தி எழுதினால், அதிர்வெண்ணையே தோராயமாக எழுதியதாகும்.

செய்யத்தக்கவை

வண்டியின் தினக்குறிப்பேட்டில் அதிர்வுக்கெனச் சில வரிகள் ஒதுக்குதல் நலம். நின்ற நிலையிலா ஓட்டத்திலா, எஞ்சின் சுழற்சி எத்தனை, வண்டியின் வேகம் எத்தனை, எந்தக் கியர், எஞ்சின் குளிர்ந்திருந்ததா சூடாயிருந்ததா, எந்த வேலைக்குப் பிறகு தொடங்கியது என்பவற்றை எழுதச் சில நிமிடங்கள் போதும். ஒரு நேரத்தில் ஒரு பாகமே மாற்றப்பட வேண்டும். மாற்றியபின் அதே சோதனை அதே நிலையில் மறுபடி செய்யப்பட வேண்டும். நான்கு பாகங்களை ஒரே நாளில் மாற்றி நோய் நீங்கினால், மூன்று பாகங்களின் விலை வீணாயிற்று என்பது மட்டுமன்று. எது காரணம் என்ற அறிவும் வீணாயிற்று.

ஐட்லிங் வேகத்தை உயர்த்தி நடுக்கத்தை மறைக்கும் பழக்கமும் ஒழிய வேண்டும். துடிப்பின் வேகம் கூடுவதால் மவுண்டிங் அதனை எளிதில் தடுக்கிறது. வண்டி அமைதியாகத் தோன்றுகிறது. நோய் அப்படியே இருக்கிறது. எரிபொருள் மட்டும் நாள்தோறும் மிகையாகச் செலவாகிறது.

செலவுக்கு ஒப்புதல் தருவோர்க்கும் இதில் பங்குண்டு. வாங்கிய பாகத்துக்குப் பற்றுச்சீட்டு உண்டு. காரணம் கண்டறியச் செலவிட்ட ஒரு மணி நேரத்துக்குப் பட்டியலில் இடமில்லையெனின், எந்த மெக்கானிக்கும் ஆராய்வதைவிட மாற்றுவதையே விரும்புவார். சோதனைக்குரிய கூலியைத் தனியே ஏற்றுக்கொள்ளும் அலுவலகம் பாகச் செலவில் அதனை மீட்டுக்கொள்ளும்.

தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பள்ளிகளிலும் அதிர்வு என்னும் பாடம் தனி ஊசலோடும் இசைக்கவையோடும் முடிந்துவிடுகிறது. பள்ளி வாயிலில் நிற்கும் காரும் அதே பாடத்தின் ஓர் அதிகாரமே. வினாடிக்கு 25, வினாடிக்கு 9, வினாடிக்கு 6.25 என்னும் மூன்று எண்களைக் கணக்கிடக் கற்ற மாணவன், நாளை பட்டறையில் நின்றாலும் அலுவலக மேசையில் அமர்ந்தாலும், பாகத்தைக் கேட்குமுன் காரணத்தைக் கேட்பான்.